ஒரே ஈமெயிலில் உங்கள் விசாவை ரத்து செய்ய மேனேஜரால் முடியாது

கேள்வி: நாகர்கோவில் பக்கம் என் ஊர். பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு 2023ல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடலோர ஊரில் உள்ள கேர் ஹோமுக்குக் கேர் அசிஸ்டென்ட்டாக வந்தேன். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்காக வைத்த நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. கணவரும் மகளும் என் விசாவை வைத்துத்தான் இங்கே இருக்கிறார்கள்.

ஹோமில் நானும், இரண்டு கேரளப் பெண்களும், ஒரு நைஜீரியத் தம்பியும்தான் வெளிநாட்டுக்காரர்கள். நைட் ஷிஃப்ட் முக்கால்வாசி எங்கள் தலையில்தான் விழும். டெபுடி மேனேஜர் என் பெயரைச் சொல்லவே மாட்டார். ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் 'கறி கேர்ள்' என்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சாம்பார் சாதத்தைச் சூடுபண்ணினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைப்பார். இப்போதெல்லாம் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இடைவேளையில் மகளிடம் போனில் தமிழில் பேசினாலும் 'இங்கே இங்கிலீஷ் மட்டும்' என்கிறார்கள்.

மார்ச்சில் ஒரு பாட்டி, டிமென்ஷியா உள்ளவர், 'உன் கறுப்புக் கையால் என்னைத் தொடாதே' என்று கத்தினார். மறுநாள், மார்ச் 10 அன்று, 'ரெசிடென்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை' என்று மேனேஜர் என்னை லாண்ட்ரிக்கு மாற்றிவிட்டார். இன்றுவரை அங்கேதான். ஏன் என்று கேட்டதற்கு, 'உன் ஸ்பான்சர்ஷிப் என் கையில். ஒரு ஈமெயில் போட்டால் அடுத்த ஃபிளைட்டில் ஊரில் இருப்பாய்' என்றார். மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் 5,000 பவுண்டு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் வேறு இருக்கிறது. 'பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கிடைக்கும்வரை வாயைத் திறக்காதே' என்கிறார் கணவர். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஃபிளைட் மிரட்டல் தெளியாமல் நான் வேறு என்ன சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. அதனால் விசாவில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

விசாவைக் கொடுத்தது ஹோம் ஆபீஸ், அதாவது இங்கிலாந்தின் உள்துறை அமைச்சகம். அதைக் குறைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் உள்ளதும் ஹோம் ஆபீஸுக்கு மட்டும்தான். உங்களை வேலையில் இருந்து எடுத்தால், உங்கள் ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்று உங்களை எடுத்த கம்பெனி, அதைப் பத்து வேலை நாட்களுக்குள் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். மேனேஜர் சொன்ன அந்த 'ஒரு ஈமெயில்' இவ்வளவுதான். அதன் பிறகு ஹோம் ஆபீஸில் இருந்து உங்களுக்குக் கடிதம் வரும். வழக்கமாக அந்தக் கடிதத்தில் இருந்து 60 நாள் கொடுப்பார்கள். விசாவில் அதைவிடக் குறைவான நாட்கள் பாக்கி இருந்தால் அந்த நாட்கள்தான். அந்தக் கணக்கு, வேலை போன நாளில் இருந்து இல்லை, கடிதத்தில் இருந்து. கடிதம் வரவே வாரக்கணக்கில் ஆவது இங்கே சகஜம். அந்த அவகாசத்துக்குள் வேறொரு ஸ்பான்சர் சி.ஓ.எஸ். (ஸ்பான்சர்ஷிப் சான்று) கொடுத்து, நீங்களும் விண்ணப்பம் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை மூன்று பேருமே சட்டப்படி இங்கே இருக்கலாம். குடும்பத்துக்கான விண்ணப்பத்தையும் கூடவே போட்டுவிடுங்கள். இடையில் வேறு எங்கும் கைக்காசுக்கு வேலைக்குப் போய்விடாதீர்கள். மேனேஜரால் செய்ய முடியாததை நீங்களே உங்களுக்குச் செய்துகொண்டதாகிவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காகப் பயமே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். 60 நாளில் புது ஸ்பான்சர் பிடிப்பது லேசான காரியம் இல்லை. அதனால் தேடலை இன்றைக்கே, சத்தமில்லாமல், வேலையில் இருந்துகொண்டே ஆரம்பியுங்கள். உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. கேர் வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியை 2025 ஜூலை 22 அன்று அரசாங்கம் மூடிவிட்டது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் ஸ்பான்சர் மாறலாம் என்ற ஏற்பாடு 2028 ஜூலை வரை உண்டு. ஆள் இல்லாமல் திண்டாடும் ஹோம்களுக்கு உங்களைப் போல அனுபவம் உள்ளவர்களை விட்டால் வேறு போக்கிடம் குறைவு. ஸ்பான்சரை இழந்த கேர் ஊழியர்களை வேறு ஹோம்களில் சேர்த்துவிட இங்கிலாந்தில் மண்டலவாரியாகக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் கவுன்சிலில் கேட்டால் உங்கள் பகுதிக் குழுவைக் காட்டுவார்கள். நர்சிங் டிகிரி கையில் இருக்கிறதே, என்.எம்.சி. (இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவு எந்த நிலையில் இருக்கிறது? ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வான சி.பி.டி., செய்முறைத் தேர்வான ஆஸ்கி என்று செலவும் உழைப்பும் உண்டுதான். ஆனால் இந்த மேனேஜர் கையை எதிர்பார்க்காத வாழ்க்கைக்கு நிரந்தரமான வழி அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஆத்திரத்தில் 'இவர்கள் லைசென்ஸைப் பிடுங்குங்கள்' என்று ஹோம் ஆபீஸுக்கு எழுதத் தோன்றும். எழுதும் முன் நன்றாக யோசியுங்கள். வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் அனுமதியான ஸ்பான்சர் லைசென்ஸ் போனால் மேனேஜருக்கு நஷ்டம், ஆனால் விசா ஆடப்போவது உங்களுக்கும், அந்த இரண்டு கேரளப் பெண்களுக்கும், நைஜீரியத் தம்பிக்கும். 2022 ஜூலைக்கும் 2024 இறுதிக்கும் இடையில் 470க்கும் மேற்பட்ட கேர் நிறுவனங்களின் லைசென்ஸ் ரத்தானது. அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000க்கும் மேல் என்பது அரசாங்கமே சொன்ன கணக்கு. அதில் எத்தனையோ பேர் எந்தத் தப்பும் செய்யாமல் தெருவில் நின்றவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்குவது என்ற அளவுக்குப் போனால் அது வேறு கதை, அப்போது தாமதிக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. உங்களுக்கு ஏற்ற இடம் வேலைத் தீர்ப்பாயம், அதாவது எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல். அதற்குப் போவதற்கு விசாவும் தடையில்லை, எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதும் தடையில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளில் இருந்தே உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

சட்டத்தின் பெயர் ஈக்குவாலிட்டி ஆக்ட் 2010. அதில் 'ரேஸ்' என்பதற்குள் நிறம், தேசிய இனம், குடியுரிமை, பூர்வீகம் எல்லாமே அடக்கம். மேனேஜர் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கேர் கம்பெனி நடத்தும் நம்மவர்களே ஊரில் இருந்து வந்த பிள்ளைகளை இந்த இனத்தார், அந்த நாட்டார் என்று பிரித்து வதைக்கும் கடிதங்களும் எனக்கு வருவதுண்டு. சட்டம் அவர்களுக்கும் ஒன்றுதான்.

நீங்கள் எழுதியவற்றில் எது கனமானது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. உங்களை அதிகம் புண்படுத்தியது பாட்டியின் வார்த்தையாக இருக்கலாம். வழக்கில் அது பலவீனமான பகுதி. டிமென்ஷியாவில் மனது எங்கோ ஐம்பது வருடம் பின்னால் நிற்கும் மனிதரை வைத்துக் கேஸ் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். அதற்கு அடுத்து மேனேஜர் செய்தார் பாருங்கள், அதுதான் கேஸ். பாட்டி கத்தினார் என்றால் மேனேஜர் செய்யக் கூடியது எவ்வளவோ இருந்தது: கேர் பிளானில் குறித்து வைப்பது, அவரிடம் இரண்டு பேராகப் போகச் சொல்வது, குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவது, உங்களிடம் வந்து 'நீ நன்றாக இருக்கிறாயா?' என்று ஒரு வார்த்தை கேட்பது. அவரோ பாட்டியின் நிற விருப்பத்தை எடுத்து ஹோமின் விதியாக்கி, உங்கள் வேலையையே மாற்றிவிட்டார். தோல் நிறத்துக்காக ஒருவரை ஒரு வேலையில் இருந்து எடுப்பது நேரடிப் பாகுபாடு. 'எனக்கு ஒன்றும் இல்லை, வாடிக்கையாளருக்குத்தான் பிடிக்கவில்லை' என்பது சட்டத்தில் செல்லாத சாக்கு. நோக்கம் நல்லதாக இருந்தது, சண்டை வராமல் இருக்கத்தான் செய்தேன் என்று சொன்னாலும் செல்லாது.

இந்தச் சாக்குக்கு இந்த நாட்டில் வயதும் அதிகம். 1963ல் பிரிஸ்டல் நகரப் பேருந்துக் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் நடத்துநராக எடுக்க மாட்டேன் என்றது. எடுத்தால் வெள்ளைத் தொழிலாளர்கள் போய்விடுவார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். ஊர் மக்கள் மாதக்கணக்கில் பேருந்தைப் புறக்கணித்தார்கள், ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. அடுத்த மாதம் வேலைக்கு வந்த வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநர் ஒரு சீக்கியர். இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் 1965ல் வந்தது, அது வேலையிடத்துக்குள் நுழைய 1968 ஆனது. அந்த ஆட்கள் பட்ட பாட்டில்தான் இன்றைக்கு நான் உங்களுக்குப் பிரிவு எண் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லாண்ட்ரி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, மேனேஜருக்கே அது உறைத்திருக்காது. உங்கள் சி.ஓ.எஸ். கேர் வேலைக்கானது. நாளெல்லாம் துணி துவைக்கவும் மடிக்கவும் வைத்தால், ஸ்பான்சர் செய்த வேலைக்கும் உண்மையில் வாங்கும் வேலைக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பது அவர்தான். மிரட்டலாக இல்லாமல், கடிதத்தில் ஒரு வரியாக, 'என் ஸ்பான்சர்ஷிப் கேர் வேலைக்கானது, எப்போது அதற்குத் திரும்புவேன்?' என்று கேளுங்கள். எச்.ஆர். அந்த வரியை இரண்டு முறை படிப்பார்கள்.

'கறி கேர்ள்' என்பது சட்டத்தில் ஹராஸ்மென்ட், அதாவது துன்புறுத்தல். விளையாட்டாகச் சொன்னேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கம் இருந்தாலும் சரி, நோக்கம் இல்லாமல் விளைவு அப்படி ஆனாலும் சரி, இரண்டும் கணக்கில் வரும். 2009ல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு. ராஜினாமா செய்துவிட்டுப் போகும் இந்திய வம்சாவளிப் பெண்ணிடம் மேலாளர், 'இந்தியாவில் உன்னைக் கட்டிக்கொடுத்துவிடாமல் இருந்தால் மறுபடி சந்திப்போம்' என்ற தொனியில் ஒரு வாக்கியம் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். அது இனரீதியான ஹராஸ்மென்ட் என்பதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதி செய்தது. இழப்பீடு எவ்வளவு தெரியுமா, 1,000 பவுண்டு. ஜெயிக்கலாம் என்பதோடு, ஜெயித்தால் வீடு வாங்கலாம் என்ற கணக்கு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன். உங்களுடையது ஒரு வாக்கியத்தோடு முடிந்ததில்லை, மாதக்கணக்கில் நடப்பது; அதன் எடை வேறு.

தமிழில் பேசக் கூடாது என்பது கொஞ்சம் நுணுக்கமானது. ரெசிடென்ட்டைத் தூக்கும்போதோ, ஹேண்ட்ஓவரிலோ ஆங்கிலம் மட்டும் என்றால் அது நியாயம். படுத்திருப்பவருக்குத் தன் உடம்பைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று புரிய வேண்டும். உங்கள் இடைவேளையில், உங்கள் மகளிடம் பேசுவதைத் தடுக்க அப்படி ஒரு காரணம் இல்லை. அதே அறையில் ஒரு போலந்துக்காரரோ வெல்ஷ்காரரோ தன் மொழியில் பேசினால் விடுகிறார்களா என்று பாருங்கள். விடுகிறார்கள் என்றால் குறித்து வையுங்கள்.

நைட் ஷிஃப்ட் விஷயத்தில் உணர்ச்சியை விட ரோட்டா (ஷிஃப்ட் பட்டியல்) பேசட்டும். கடந்த ஆறு மாத ரோட்டாவை எடுத்து, யாருக்கு எத்தனை இரவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வித்தியாசம் கண்ணில் அறைந்தால், அதற்கு வேறு நியாயமான காரணம் காட்டும் பொறுப்பு அவர்கள் பக்கம் திரும்ப வாய்ப்பு உண்டு. தாங்களே நைட் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

இனி காகித வேலை. நம் ஊர்க்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நியாயம் எல்லாம் நம் பக்கம் இருக்கும், தேதி மட்டும் இருக்காது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் உங்கள் சொந்த ஈமெயிலுக்கு நீங்களே ஒரு மெயில் போட்டுக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் போதும்: 'மார்ச் 14, காலை 7.50, ஹேண்ட்ஓவர். டெபுடி என்னை "கறி கேர்ள்" என்றார். பக்கத்தில் இருவர் இருந்தார்கள் (அவர்கள் பெயர்). ஒருவர் சிரித்தார். நான் "என் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றேன். பதில் இல்லை.' அழுதேன், நொந்தேன் என்பதை ஒரு வரியில் எழுதினால் போதும். தூக்கம் போனது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் ஜி.பி.யிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) போய்க் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது மருத்துவக் குறிப்பில் ஏறும், பிறகு உங்களுக்காகப் பேசும்.

அடுத்த முறை அந்தப் பெயரைச் சொன்னால், அங்கேயே, குரல் உயர்த்தாமல், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, 'என் பெயர் இது. அந்த வார்த்தையை மறுபடி சொல்லாதீர்கள்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விவாதம் வேண்டாம். நீங்கள் கத்தினால் நாளை நடக்கும் விசாரணை அவர் சொன்னதைப் பற்றியதாக இருக்காது, நீங்கள் கத்தியதைப் பற்றியதாக ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஏதாவது வந்திருந்தால் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் கேர் நோட்ஸை, ரெசிடென்ட் முகத்தை, அவர்கள் அறையைப் படம் எடுக்கவே கூடாது. உங்கள் கேஸுக்கு வலு சேர்க்க எடுத்த படத்தைக் காட்டியே உங்களை டிஸ்மிஸ் செய்வார்கள், அதில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கும். ரகசியமாகக் குரல் பதிவு செய்வதைத் தீர்ப்பாயம் சில நேரம் ஏற்றுக்கொள்ளும். ரெசிடென்ட்கள் இருக்கும் இடத்தில் அதையும் செய்யாதீர்கள்.

அப்புறம் கிரீவன்ஸ் கடிதம், அதாவது கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்கும் முறைப்படியான புகார். இதை எழுதும்போது நம்மவர்கள் மரியாதைக்காக ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். 'என்னைச் சரியாக நடத்துவதில்லை', 'புல்லியிங் நடக்கிறது' என்று எழுதுவார்கள், இனம் என்ற பேச்சே கடிதத்தில் இருக்காது. குற்றச்சாட்டு பெரிதாகத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். இனப் பாகுபாடு என்று புகார் செய்தவரைப் பழிவாங்கினால், அதற்கென்றே தனியாக இன்னொரு வழக்கு போட ஈக்குவாலிட்டி ஆக்டின் 27ஆம் பிரிவு இடம் தருகிறது. 'அநியாயம் நடக்கிறது' என்று பொதுவாக மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். அதனால் உங்கள் ஆங்கிலக் கடிதத்தில் 'ரேஸ் டிஸ்கிரிமினேஷன்', 'ஹராஸ்மென்ட்', 'ஈக்குவாலிட்டி ஆக்ட் 2010' மூன்றும் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கடிதம் போன பிறகு உங்கள் ஷிஃப்டைக் குறைத்தாலோ, திடீரென்று 'பெர்ஃபார்மன்ஸ் மீட்டிங்' வைத்தாலோ, விசாவைக் காட்டி மறுபடி மிரட்டினாலோ, ஒவ்வொன்றும் புது வழக்கு. மேனேஜர் சொன்ன அந்த 'ஃபிளைட்' வசனத்தையும் அவர் சொன்னபடியே, தேதியோடு, கடிதத்தில் போடுங்கள்.

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஹோம் மேனேஜருக்கு மட்டும் கொடுக்காமல் கம்பெனியின் எச்.ஆருக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். கிரீவன்ஸ் கூட்டத்துக்கு ஒரு யூனியன் பிரதிநிதியையோ சக ஊழியரையோ கூட்டிப் போவது சட்டப்படி உங்கள் உரிமை, தனியாகப் போகாதீர்கள். கூடவே உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் ஈமெயில்கள், குறிப்புகளின் நகலைக் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். எஸ்.ஏ.ஆர். என்பார்கள். காசு கிடையாது, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். லாண்ட்ரி மாற்றத்தைப் பற்றி மேனேஜரும் டெபுடியும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது சில நேரம் அதில் வந்து விழும். மனிதர்கள் ஈமெயிலில் எழுதி வைப்பதைப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது கவனமாகப் படியுங்கள், இதைத் தவறவிட்டால் மேலே சொன்னது எதுவும் உதவாது. பாகுபாட்டு வழக்குக்கான கெடு, சம்பவம் நடந்ததில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10 அன்று லாண்ட்ரிக்கு மாற்றினார்கள் என்றால் ஜூன் 9. அந்தத் தேதிக்குள் ஏகாஸ் என்ற அமைப்புக்கு, சமரசப் பேச்சுக்காக, ஆன்லைனில் தகவல் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. செய்தவுடன் கெடுவின் கடிகாரம் நிற்கும், பேச்சு முடிந்து சான்றிதழ் வந்த பின் மறுபடி ஓடும். 'கிரீவன்ஸ் முடியட்டும், பார்க்கலாம்' என்று எச்.ஆர். இனிக்க இனிக்கச் சொல்வார்கள். கிரீவன்ஸ் நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. தொடர்ந்து நடக்கும் செயல் என்றால் கடைசிச் சம்பவத்தில் இருந்து எண்ணலாம், நியாயமான காரணம் இருந்தால் தீர்ப்பாயம் தாமதத்தைப் பொறுக்கலாம் என்ற சலுகைகள் உண்டு. அவற்றை நம்பி உட்காருவது ஆபத்து. புதிய வேலை உரிமைச் சட்டம் இந்தக் கெடுவை ஆறு மாதமாக நீட்டுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நீங்கள் மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் கிடையாது. 2013ல் கொண்டுவந்த கட்டணத்தை, யூனிசன் யூனியன் போட்ட வழக்கில் 2017ல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. தோற்றாலும் பொதுவாக எதிர்த்தரப்பின் வக்கீல் செலவை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. மனவேதனைக்கான இழப்பீட்டை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் கணக்கில் கீழடுக்கு 1,200 முதல் 12,100 பவுண்டு, நடு அடுக்கு 36,400 வரை, மேலடுக்கு 60,700 வரை. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கீழடுக்கின் மேல்பக்கமோ, நடுவின் ஆரம்பமோ என்பது என் கணிப்பு. வேலை போனால் சம்பள இழப்பு தனி. விசாரணைக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இடையில் ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலும் வழக்கு செத்துவிடாது. ஆனால் வெளிநாட்டில் இருந்து வீடியோவில் சாட்சி சொல்ல அந்த நாட்டின் அனுமதி விவகாரம் இருக்கிறது, அது ஒரு தலைவலி.

பெரும்பாலான கேஸ்கள் அவ்வளவு தூரம் போவதில்லை, ஏகாஸ் வழியாகவே ஒரு தொகைக்கு முடியும். அப்படி முடிக்கும்போது பணத்தோடு சேர்த்து நல்ல ரெஃபரன்ஸ் கடிதத்தையும், புது ஸ்பான்சர் கிடைக்கும்வரை உங்களை வேலையில் வைத்திருக்கும் தேதியையும் கேளுங்கள். உங்கள் நிலைமையில் அந்தத் தேதிக்கு 2,000 பவுண்டை விட மதிப்பு அதிகம். அவசரப்படுத்தி எதையாவது நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா கடிதமும் நீங்களாக எழுத வேண்டாம், கோபத்தில் எழுதுகிற ஒரு வரியில் அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

கணவர் சொல்வது பயத்தில் சொல்வது, அவர் மேல் குறை இல்லை. நம் ஊர் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பி.ஆர். வரும்வரை என்று அவர் சொல்லும் அந்தக் காலத்தில், விசாவைப் புதுப்பிக்க இதே மேனேஜரிடம்தான் போய் நிற்க வேண்டும். இப்போது வாய் மூடி இருப்பதை அவர் அப்போது நன்றியோடு நினைத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேரளத் தோழிகளிடம் பேசிப் பாருங்கள். சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. பயந்து பின்வாங்கினால் வற்புறுத்த வேண்டாம், நடந்ததைத் தங்கள் போனில் தேதியோடு எழுதி வைக்கச் சொன்னால் போதும்.

யூனியனில் இல்லை என்றால் இன்றே சேருங்கள். சேர்வதற்கு முன் ஆரம்பித்த பிரச்சினைக்கு வக்கீல் தர யோசிப்பார்கள், கூட்டத்துக்குக் கூட வர ஆள் கிடைக்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசம். வருமானம் குறைவு என்றால் பாகுபாட்டு விஷயங்களுக்குச் சட்ட உதவி நிதியில் ஆலோசனையும் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அந்த 5,000 பவுண்டு. எழுதி வைத்ததாலேயே எல்லாம் செல்லுபடி ஆகிவிடாது. வெளிநாட்டு ஊழியரை எடுக்க அரசாங்கத்துக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்பதை முதலாளிதான் கட்ட வேண்டும், அதை உங்கள் தலையில் கட்டவே முடியாது. வெளிநாட்டு ஊழியர்களை எடுப்பதற்கான அரசாங்க நெறிமுறைப்படி, திருப்பிக் கேட்கும் தொகை உண்மைச் செலவுக்குள் இருக்க வேண்டும், நீங்கள் வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டும் வர வேண்டும். 2023ல் வந்த உங்களுக்கு அந்த மூன்று வருடமே முடியும் கட்டத்தில் இருக்கலாம், சேர்ந்த தேதியை ஒரு தடவை சரிபாருங்கள். ஏஜென்ட் இந்தியாவில் இருப்பவரா, இங்கே இருப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே உள்ள ஏஜென்சி என்றால் வேலை தேடித் தருவதற்கு உங்களிடம் காசு வாங்கியதே சட்டவிரோதம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் போனதற்கு ரசீதோ, வங்கிப் பரிமாற்றமோ, ஜி-பே பதிவோ இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் உங்கள் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். அந்த 5,000 எதற்கெல்லாம் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்பதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்காக ஏகாஸ் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.